பதினேழு பூச்சுப் பெயிண்ட்

மொக்கையனின் வண்டியைப் பழைய வண்டி என்று யாரும் அவர் காதுபடச் சொல்லிவிட முடியாது. சொன்னால் தீர்ந்தது. கையில் இருக்கும் டீயை அப்படியே வைத்துவிட்டு, "எது பழசு?" என்று ஆரம்பிப்பார். தொண்ணூற்றெட்டாம் வருடத்து லோடு வேன் அது, முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ரகம். மகள் ரோகிணி பிறந்ததும் அதே வருடம்தான். "அப்ப எம் மகளும் பழசா?" என்று கேட்பார். இதற்கு எவனால் பதில் சொல்ல முடியும்? வாயைக் கொடுத்தவர் டீயைக் குடித்து முடிக்காமலே நழுவிவிடுவார்.

சோழவந்தானுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் வீடு. பத்து வயசு வண்டியாக அதை வாங்கி வந்து பதினேழு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவருடைய பிழைப்பு ஒன்றுதான். விடியக் கருக்கலில் நாலு மணிக்குக் கிளம்புவார். தோட்டம் தோட்டமாக நின்று கத்தரிக்காயும் புடலங்காயும் மூட்டை மூட்டையாக ஏற்றுவார். தேனூர், சமயநல்லூர் வழியாகப் பரவை மார்க்கெட்டுக்குப் போய் இறக்குவார். பக்கத்து சீட்டில் மனைவி அன்னக்கொடி உட்கார்ந்திருப்பாள். வண்டி இவர் பொறுப்பு, காய் அவள் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயதிலும் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் மனிதருக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வருடா வருடம் வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும் அல்லவா, அதற்கு ஒரு வாரம் முன்பு ரெண்டு அங்குல பிரஷை எடுத்துக்கொண்டு தானே பெயிண்ட் அடிக்க உட்கார்ந்துவிடுவார். பெயிண்டரை ஒரு வருடமும் கிட்டே விட்டதில்லை. வெளி உடம்புக்கு மஞ்சள், சேஸுக்குக் கறுப்பு. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் தகரத்துக்கு மட்டும் அந்த வருடம் வீட்டில் எந்தப் பெயிண்ட் மிச்சமோ அது. கதவுக்கு அடித்தது, தண்ணீர் டிரம்முக்கு அடித்தது, எதுவானாலும் சரி, வீணாக்க மாட்டார். பிரஷ் போகாத இடத்தில் துணியை முக்கிப் பூசுவார். போல்ட்டு, நட்டு, வாஷர் ஒன்றையும் விடமாட்டார். துரு என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. பிரேக் இன்ஸ்பெக்டரே ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி வச்சிருக்கீரே" என்றாராம். இந்த ஒரு வாக்கியத்தைப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிக்கல் போன ஆடியில் ஆரம்பித்தது. தேனூர்ப் பக்கம் ஒரு சின்னப் பாலத்தின் சுவரில் உரசி, வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி போனது. ஆவணியில் ஒரு டீக்கடை பெஞ்சு போனது. அதுவும் இடப்பக்கம்தான். நல்லவேளை, கடை திறக்கவில்லை, பெஞ்சில் ஆள் இல்லை. ஐப்பசியில் ரோட்டோர வைக்கோல் படப்புக்குள் வண்டி இடது தோளைக் கொடுத்து நின்றது. மூன்றும் விடியுமுன் இருட்டில் நடந்தவை. மூன்றிலும் அன்னக்கொடி முன்கூட்டியே கத்தினாள். மூன்றிலும் மொக்கையன் சொன்னது ஒரே பதில்தான்.

"லைட்டு பத்தலை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அன்னக்கொடி, தலையில் இருந்த வைக்கோலைத் தட்டியபடி. "எனக்கு அதே லைட்டுல படப்பு தெரிஞ்சிச்சு. உனக்கு மட்டும் எப்பிடிய்யா தெரியாமப் போச்சு?"

பொய் சொல்லக் கூடாது, லைட்டும் சரியில்லைதான். இரண்டு விளக்கும் மங்கிப்போய், அகல் விளக்கை முன்னால் தூக்கிக்கொண்டு போவது போலத்தான் வண்டி போகும். எதிரே ஒரு புது வண்டி வந்தால் மொக்கையனின் விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனால் வீட்டில் யாரும் லைட்டைப் பற்றிப் பேசவில்லை. கண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். அதில் முன்னால் நின்றவள் ரோகிணி.

ரோகிணிக்கு மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு பேரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, எழுத்தை வாசிக்கச் சொல்லுகிறவள். "ஊர்க் கண்ணை எல்லாம் பாக்குறேன், பெத்த அப்பன் கண்ணைப் பாக்க முடியலை" என்று ரெண்டு வருடமாகப் புலம்புகிறாள். மொக்கையன் பிடி கொடுக்கவில்லை. காரணம் இருக்கிறது. மார்க்கெட்டுக்கு அவருடன் வண்டி ஓட்டிய ரெண்டு பேர் கண் ஆபரேஷன் என்று போனார்கள். கண் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பிள்ளைகள் அவர்களை மறுபடி வண்டியைத் தொட விடவில்லை. அதில் ஒருவர் இப்போது பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார், நடந்து. அவரைத் தெருவில் பார்த்த நாளெல்லாம் மொக்கையனுக்குச் சோறு இறங்காது.

"அங்க போனா சொட்டு மருந்து ஊத்துவாய்ங்க. ஊத்துனா ஆபரேசம்பாய்ங்க. ஆபரேசன்னு ஆயிப்போச்சுன்னா சாவி எங்கிட்ட இருக்குமா?" என்பார். சட்டைப் பைக்குள் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார். அவருக்கு உயிர் அந்தப் பையில்தான் இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு நாள், பரவையில் காய் இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். இவர் வண்டியை விட ஒரு வயது மூத்த வேன் ஒன்று மார்க்கெட்டுக்குள் திரும்பியது. திரும்பியதும் எதிரே இருந்த வெங்காய மூட்டைகளின் தையல் தனித்தனியாகத் தெரிந்தது. மொக்கையன் தோளில் இருந்த மூட்டையை இறக்க மறந்துபோய் நின்றார்.

"என்னத்தய்யா மாட்டிருக்க?" என்று அந்த டிரைவரை வழிமறித்தார்.

"பல்பு அதேதான்ணே. ரிலே வச்சு, வயரிங் புதுசா இழுத்திருக்கு. வில்லாபுரத்துல ஆல்பின்னு ஒரு தம்பி செய்யிறாப்புல."

அன்று வீட்டுக்கு வந்தவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ரோகிணி ஊருக்கு வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். லைட்டு, லைட்டு என்று நான் கரடியாய்க் கத்தினேனே, எவளாவது கேட்டீர்களா என்று ஒரு மூச்சு. ரோகிணி செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

"சரிப்பா, மாட்டுங்க. மாட்டுன அன்னைக்கே சாயங்காலம் பரீட்சை. அம்மா தூரத்துல நிக்கட்டும். கையில என்ன இருக்குன்னு நீங்க சொல்லணும். எல்லாஞ் சரியாச் சொல்லிட்டீங்கன்னா, இனிமே கண்ணுன்னு நான் வாயே திறக்க மாட்டேன்."

"தப்பாச் சொன்னா?"

"சாவி எங்கிட்ட. திங்கக்கிழமை நீங்க எங்க நாக்காலியில."

மொக்கையன் கொஞ்சம் யோசித்தார். அன்னக்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டு முறத்தில் கண்ணாக இருந்தாள். அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பிவிட்டது. "அடிச்சுச் சத்தியம் பண்ணுத்தா" என்று உள்ளங்கையை நீட்டினார். மகள் ஓங்கி அடித்தாள்.

மறு ஞாயிறு மதியமே வண்டி வில்லாபுரம் போய்ச் சேர்ந்தது. கோரிப்பாளையம் சிக்னலில் நின்ற ரெண்டு நிமிடத்தில், பக்கத்து ஆட்டோக்காரரிடம் ரிலேயைப் பற்றி முழுசாகச் சொல்லி முடித்துவிட்டார் மொக்கையன். அவருக்கே அது என்னவென்று இன்னும் தெரியாது. அது வேறு விஷயம்.

ஆல்பின் முப்பத்தைந்து வயதுக்காரர். பேச்சு குறைவு. சித்திரை வெயிலிலும் கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்வாராம், இது கார்த்திகை, கேட்கவே வேண்டாம். முதலில் மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டரை காட்டியது. லைட்டைப் போடச் சொல்லி, பல்புக்குப் பின்னால் வைத்தார். ஒன்பதரை.

"மூணு வோல்ட்டு வழியிலயே போயிருதுண்ணே" என்றார்.

"எங்க போகுது?"

"பேட்டரியில கிளம்பி, உள்ள சுவிட்சுக்கு வந்து, அங்கருந்து டிம்மு-பிரைட்டு சுவிட்சுக்குப் போயி, மறுபடி முன்னால லைட்டுக்கு வரணும். வயரு சன்னம். இருபத்தேழு வருசம் ஆச்சு. வழி பூராச் சிந்திக்கிட்டே வருது."

மொக்கையன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் பாசனத்தில் உழன்ற குடும்பம், இது கூடவா புரியாது? "கடைமடைக்குத் தண்ணி வராத கதை. மேக்க இருக்கவன் எல்லாம் குடிச்சிட்டு மிச்சம்தான் நமக்கு."

"அதேதாண்ணே. இப்ப என்ன பண்ணுறோம்னா, பேட்டரியில இருந்து நேரா லைட்டுக்குத் தடிச்ச வயரா ஒரு வாய்க்கா வெட்டுறோம். நடுவுல ரிலே. அது மடை மாதிரி. உள்ள இருக்க சுவிட்சு மடையத் திறன்னு உத்தரவு மட்டும்தான் குடுக்கும். தண்ணி அது வழியாப் போகாது."

"டிம்முக்கு ஒரு மடை, பிரைட்டுக்கு ஒரு மடை?"

"ஆமாண்ணே, ரெண்டு ரிலே."

அவ்வளவுதான், மொக்கையனைப் பிடிக்க ஆள் இல்லை. வரிந்து கட்டிய புது வயரிங்கை ஆல்பின் தரையில் விரித்தபோது, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். சுண்டுவிரல் பருமனுக்குச் சிவப்பு வயர். தீப்பெட்டி அளவில் ரெண்டு கறுப்பு டப்பா. பேட்டரிப் பக்கம் ஃபியூஸ். ஒவ்வொன்றையும் தொட்டு, "இது எதுக்கு, இது எதுக்கு" என்று கேட்டார். வழியில் போகிறவர்களுக்கும் அவரே விளக்கினார். நாலு டீ குடித்தார். டூட்டி முடிந்து ரோகிணி வந்து சேர்ந்தபோது, அவளுக்கு மடைக்கதையை முதலிலிருந்து சொன்னார். ஸ்டூலில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பார், மறு நிமிடம் பானெட்டுக்குள் தலை இருக்கும்.

"ஏய்யா, அந்தத் தம்பிக்கு நீ வேற மறைக்காத. வெளிச்சம் பத்தலைன்னு உன்னையத் திட்டப் போறாரு" என்றாள் அன்னக்கொடி. ரோட்டோரம் சாக்கை விரித்து, மார்க்கெட்டில் மிஞ்சிய காய்களைத் துணிப்பையில் வகை பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலப் பரீட்சைக்கான கேள்வித்தாள் அது.

நாலு மணிக்கு எல்லா வயரும் இழுத்தாயிற்று. கடைசி வேலை, எர்த் பிடிப்பது. பல்புக்குப் போன கரண்ட், வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதற்காக ஆல்பின் பானெட்டுக்குள் ஒரு போல்ட்டைக் கழற்றினார். உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். மொக்கையன் கை பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்ன தம்பி செய்யிறீக?"

"பெயிண்டைக் கொஞ்சம் தேய்ச்சுக்கிறேன்ணே. இரும்பு தெரியணும்."

"பங்குனியிலதான் அடிச்சேன். ஒரு கீறல் விழுகல இன்னும். போல்ட்டு இரும்பு, தகரம் இரும்பு. நல்லா முறுக்கிவிடுங்க, பிடிச்சுக்கிரும்."

"இல்லண்ணே..."

"பிரேக் இன்ஸ்பெக்டரே பாத்து அசந்த வேலை தம்பி இது."

ஆல்பின் நல்ல மனிதர். பெரியவர் மனதை நோகடிக்க வேண்டாம் என்று உப்புத்தாளைப் பையில் வைத்துவிட்டு, போல்ட்டை முறுக்கினார். இந்த உலகத்தில் பாதித் தப்பு நல்ல மனிதர்களால் நடக்கிறது, என்னத்தைச் சொல்ல.

"போடுங்கண்ணே."

மொக்கையன் உள்ளே ஏறி உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவிட்சைத் திருகினார். டக் டக் டக் டக் என்று ரெண்டு கறுப்பு டப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தன. விளக்குகள் விட்டு விட்டு மினுக்கின. எரிவதாகவும் சொல்ல முடியாது, அணைவதாகவும் சொல்ல முடியாது.

"கல்யாண வீட்டுச் சீரியல் லைட்டா மாட்டிருக்கீக தம்பி?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

மொக்கையன் கீழே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் வலிக்காதா? ரோகிணி அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி வண்டியில் இருக்கிறது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆல்பின் பாட்டை நிறுத்திவிட்டார். அரை நிமிடம் டப்பாக்களையே பார்த்தார். பிறகு ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறு முனையை விளக்கின் எர்த் வயரில் தொட்டார். துடிப்பு நின்றது. சாயங்கால வெயிலிலும் எதிர்ச் சுவரில் ரெண்டு வெள்ளைத் தட்டுகள் விழுந்தன. வயரை எடுத்தார், டக் டக் டக். வைத்தார், வெளிச்சம்.

"கரண்டு போறதுக்கு நல்லா வழி போட்டாச்சுண்ணே" என்றார் மெதுவாக. "திரும்பி வாரதுக்குத்தான் வழி இல்ல. ஒங்க பெயிண்டு மறிக்கிது."

மொக்கையன் இறங்கி வந்தார். போல்ட்டைப் பார்த்தார். ஆல்பினைப் பார்த்தார். "அப்ப, பழைய லைட்டும்?"

"வயரும் போயிருந்துச்சு. ஆனா அதுக்கும் எர்த்து இதே தகரம்தான். வருசா வருசம் பூசிப் பூசி, பாதி வெளிச்சத்த நீங்களே அடைச்சிட்டீங்கண்ணே."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அன்னக்கொடிக்கு வாய்வரை வந்தது, கணவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள். அவளுக்கும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

"பெயிண்டைத் தொட வேண்டாம்ணே. பேட்டரிக்கே நேரா ஒரு வயர் இழுத்துத் தாரேன், முடிஞ்சு போகும்" என்றார் ஆல்பின்.

"வேண்டாம் தம்பி. அடைச்சவன் நானு. நானே திறக்குறேன். அந்தச் சுரண்டியக் குடுங்க."

சுரண்ட ஆரம்பித்தார். முதலில் சந்தன நிறம் உரிந்தது, போன பங்குனியில் வீட்டுக் கம்பிக் கதவுக்கு அடித்த மிச்சம். அதன் கீழே பச்சை. அதன் கீழே ரோஜா நிறம். "இது என் கல்யாண வருசம், பீரோவுக்கு அடிச்சது" என்று ரோகிணி குனிந்து பார்த்தாள். பிறகு நீலம், தண்ணீர் டிரம். பிறகு வெள்ளி நிறம். அன்னக்கொடியும் எழுந்து வந்துவிட்டாள். அது கோயில் மணிக் கம்பத்துக்கு வாங்கியது என்று அவளும், இல்லை, கட்டில் காலுக்கு என்று அவரும் ஒரு நிமிடம் சண்டை போட்டார்கள். இன்னும் பல நிறம் தாண்டி, அடியில் சிவப்பு, "என் சைக்கிள்" என்றாள் ரோகிணி. பத்து வயதில் அந்தச் சைக்கிளில் விழுந்து உடைத்த முழங்கையைத் தன்னை அறியாமல் தடவிக்கொண்டாள். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. பதினேழு பூச்சு, ஒன்றின் மேல் ஒன்றாக, தடித்த தோல் மாதிரி. மொக்கையனுக்கு நெற்றி வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியது.

கடைசியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வெறும் இரும்பு பளபளவென்று தெரிந்தது. ஆல்பின் எர்த் வயரை அதில் வைத்து முறுக்கினார்.

இந்த முறை மொக்கையன் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. ஏறினார், எஞ்சினை ஸ்டார்ட் செய்தார், திருகினார். டக் என்று ஒரே ஒரு சத்தம். எதிர்ச் சுவரில் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ ஒட்டியிருந்த போஸ்டர் மொத்தமும் எழுந்து வந்தது. மொக்கையன் இருந்த இடத்திலிருந்தே தாய்மாமன்மார் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். பதினாலு தாய்மாமன்கள். ஒருத்தரை விடவில்லை. ஆல்பின் பல்பில் மீட்டரை வைத்துப் பார்த்து, "பதிமூணரைண்ணே" என்றார். மொக்கையன் குதித்து இறங்கி அவரைக் கட்டிக்கொண்டார். அவர் சட்டையில் பதினேழு கலர் தூள் ஒட்டியது.

"பரீட்சை இருக்கு" என்றாள் ரோகிணி.

"வையி. பத்துப் பரீட்சை வையி."

இருட்டுக் கட்டும் நேரத்தில் அவனியாபுரம் தாண்டி, நடமாட்டம் இல்லாத ஒரு தார் ரோட்டில் வண்டியை நிறுத்தினார்கள். என்ன ஆகிறது என்று பார்க்காமல் போக மனமில்லாமல் ஆல்பினும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்துவிட்டார். அன்னக்கொடி துணிப்பையோடு முப்பது தப்படி எண்ணி நடந்துபோய், திரும்பி நின்றாள். விளக்கைப் போட்டதும் அவள் சேலையின் கரை வரை தெரிந்தது. மொக்கையன் வண்டிக்குப் பக்கத்தில், மகளோடு நின்றார்.

அன்னக்கொடி கையைத் தூக்கினாள்.

"புடலங்காய்" என்றார்.

அடுத்தது. "பீர்க்கங்காய்."

அவள் சும்மா விடுகிறவளா? வெள்ளைக் கத்தரியை ஒரு கையிலும் பச்சைக் கத்தரியை மறு கையிலும் தூக்கிப் பிடித்தாள். "வலது கையில வெள்ள, இடது கையில பச்ச. வெள்ளையில சொத்தை வேற இருக்கு, அதத்தான் நேத்து நல்ல காய்னு தள்ளிவிடப் பாத்தியாக்கும்" என்று மொக்கையன் கத்தினார். ஆல்பின் கை தட்டினார். தூரத்தில் அன்னக்கொடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கூடத் தெரிந்தது. ஒற்றைச் சுண்டைக்காயைக் காட்டிப் பார்த்தாள். அதையும் சொன்னார். சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"என்னத்தா, செயிச்சேனா?"

"செயிச்சிட்டீங்கப்பா. சத்தியமா இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்." ரோகிணி கொஞ்சம் தயங்கினாள். "ஒரே ஒண்ணு. இது பரீட்சையில சேராது. பழக்க தோசம்."

சொல்லிக்கொண்டே தினமும் முந்நூறு பேருக்குச் செய்வதை அவருக்கும் செய்தாள். அவருடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் லேசாகப் பொத்தினாள். அன்னக்கொடிக்கு இது தெரியாது. பைக்குள் கடைசியாகக் கிடந்த பரங்கிக்காயை, ஒரு சின்னக் குடம் பருமன் இருக்கும், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மொக்கையன் கண்ணை இடுக்கினார்.

"அம்மா கையில என்னப்பா?"

"வெளிச்சம் தெரியிது" என்றார். "வெள்ளையா, பனி மாதிரி." தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிப்போய்க் கேட்டார். "ஒங்காத்தா எங்க போனா?"

ரோகிணி கையை எடுத்தாள். அன்னக்கொடி அங்கேயேதான் நின்றாள், விளக்கு வெளிச்சம் முழுக்கத் தன்மேல் வாங்கிக்கொண்டு, பரங்கிக்காயோடு, கை வலிக்கிறது என்று முனகிக்கொண்டு. மொக்கையன் தன் கையாலேயே வலது கண்ணைப் பொத்தினார், எடுத்தார், பொத்தினார். அவள் போனாள், வந்தாள், போனாள். பாலத்துச் சுவர், டீக்கடை பெஞ்சு, வைக்கோல் படப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்துபோனது. மூன்றும் இடப்பக்கம். அந்தப் பக்க சீட்டில்தான் பதினேழு வருடமாக அவள் உட்கார்ந்து வருகிறாள்.

"என்னதுத்தா இது?" என்றார்.

"புரைப்பா. இடது கண்ணுல முத்திப் போயிருக்கு. கண்ணு உள்ள நல்லாத்தான் இருக்கும். மேல ஒரு படலம் மறிக்கிது, அம்புட்டுதான்."

மொக்கையன் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் சந்தனமும் பச்சையும் சிவப்பும் இருந்தன.

"எடுத்துட்டா வந்துருமா?"

"எடுத்துட்டு உள்ள ஒரு லென்ஸ் வைப்பாங்க. வந்துரும்."

"எம்புட்டு நேரம்?"

"பத்து, பதினஞ்சு நிமிசம்."

"இந்தா, ஆல்பின் தம்பிக்கு நாலு மணி நேரம் ஆச்சு" என்றார் மொக்கையன். குரலில் பழைய துள்ளல் திரும்பிக்கொண்டிருந்தது. "எடுத்தப்பறம் வண்டி ஓட்டலாமா? நெசத்தச் சொல்லு."

"டாக்டர் சரின்னு சொன்ன மறுநாளே ஓட்டலாம். ஓட்டக் கூடாதுன்னு எவனாச்சும் சொன்னா நான் பாத்துக்கிறேன்ப்பா."

மொக்கையன் வண்டிக்குள் கையை விட்டு எஞ்சினை நிறுத்தினார். விளக்கு அப்படியே எரிந்தது. பரங்கிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்னக்கொடி வெளிச்சத்தில் நடந்து வந்துகொண்டிருந்தாள். செயித்த மனிதர், சாவியை உருவி மகள் கையில் வைத்து, அவள் விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"திங்கக்கிழமை வாரேன்" என்றார். "தம்பி, இப்ப வீடு வரைக்கும் நீங்க ஓட்டுங்க. நான் அன்னக்கொடி சீட்டுல வாரேன், இந்த வெளிச்சத்த நான் பாத்துக்கிட்டே வரணும்." பிறகு மூன்று பேரையும் பார்த்து, விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னார். "நான் திரும்பி வார வரைக்கும் இந்த வண்டிக்கு ஒருத்தரும் பெயிண்டு அடிக்கக் கூடாது. ஆமா."